பெட்டி நிறையப் பொய்

பாஸ் என்றால் நம் ஊரில் பரீட்சையில் தேறுவது. ஆபீசில் மேலதிகாரியையும் சிலர் அப்படி அழைக்கிறார்கள். அமெரிக்காவிலோ அது ஒரு மீனின் பெயரும்கூட. அந்த மீனைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். மீன் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட நினைக்கும் சைவ வாசகர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். நானும் அந்தக் கட்சிதான். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு மீன்தான் சட்டிக்குப் போகிறது, அதுவும் 1932-ல்.

ஜார்ஜியா மாகாணத்தில், அட்லாண்டா நகருக்கு வெளியே என் தங்கை பிள்ளை குடியிருக்கிறான். கம்ப்யூட்டர் உத்தியோகம். பங்குனியில் போய் ஆனி வரை அவன் வீட்டில் இருந்தேன். காருக்கென்று கட்டிய கொட்டகையில் கார் இல்லை. கார் வெயிலில் நின்றது. உள்ளே பதினொரு தூண்டில் கோல்கள் சுவரோரம் சாத்தியிருந்தன. பக்கத்தில் பெட்டிகள். திறந்து காட்டினான். பிளாஸ்டிக் புழு, ரப்பர் தவளை, உலோக மீன், மரமீன், கத்தரிப்பூ நிறத்தில் ஒரு நண்டு. திருவிழாவில் வளையல் கடைக்கு முன்னால் நிற்பது போல இருந்தது. இவையெல்லாம் பொய் இரைகள். மண்புழுவைக் குத்திப் போடுவது அங்கே இந்த மீனுக்குக் கொஞ்சம் கௌரவக் குறைச்சல்.

"இத்தனையும் எதற்கடா?" என்றேன்.

"இதுவே போதாது, மாமா. எனக்கு இன்னும் சரியா வரலை. நல்ல ரீல் ஒண்ணு வாங்கணும். அப்புறம் பாருங்க."

இந்த 'வாங்கணும்' என்ற சொல்லோடுதான் என் சண்டை. கை தேர வேண்டும் என்று ஒருவன் ஆசைப்படுகிறான். நல்ல ஆசை. சங்கீதமோ, சதுரங்கமோ, சமையலோ, எதில் வந்தாலும் மதிக்க வேண்டிய ஆசை. அந்த ஆசை பிறந்த மறுநாளே அவன் காதில், 'தேர்ச்சி கடையில் கிடைக்கும்' என்று யாரோ ஓதிவிடுகிறார்கள். பாஸ் மீன் பிடிப்பவர்களிடம் இந்த மந்திரம் பலித்த மாதிரி வேறெங்கும் பலித்ததாக நான் பார்க்கவில்லை.

முதலில் மீனைத் தெரிந்து கொள்வோம். அகன்ற வாய்ப் பாஸ் என்று பெயர். நம் விரால் மீனைப் பார்த்தவர்களுக்கு இதன் சுபாவத்தை விளக்கத் தேவையில்லை. உறவு கிடையாது, தொழில் ஒன்று. நாணல், அல்லி இலை, மூழ்கிய கட்டை இவற்றின் ஓரம் அசையாமல் ஒளிந்திருக்கும். இரை அருகே வந்ததும் வாயைத் திடீரென்று அகலத் திறக்கும். தண்ணீரோடு சேர்ந்து இரை உள்ளே போய்விடும். அது பொய் என்று தெரிந்தால் அதே வேகத்தில் துப்பிவிடும். உடலின் இரு பக்கமும் ஓடும் ஒரு கோட்டினால் தண்ணீரின் அதிர்வை உணர்கிறது. ஆகவே கலங்கிய தண்ணீரிலும் ஏமாறாது. குளிர் ரத்தப் பிராணியானதால் அதன் பசி தண்ணீரின் சூட்டைப் பொறுத்தது. கோடையில் விடியற்காலையும் அந்தியும் கரையோரம் வரும். உச்சிவேளையில் நிழலுக்கோ ஆழத்துக்கோ போய்விடும். விராலைப் போலவே இதிலும் தகப்பன் குஞ்சுகளுக்குக் காவல் நிற்கிறது. இதைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

இப்போது சட்டிக்குப் போன மீன். 1932 ஜூன் 2-ஆம் தேதி. அமெரிக்கா பொருளாதார மந்தத்தில் தவித்த காலம். அதே ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி என்ற ஏழை விவசாய வாலிபன், மழையினால் வயலில் வேலை இல்லாத ஒரு நாளில், மாண்ட்கோமரி ஏரி என்ற ஆற்றோரத் தேக்கத்துக்குச் சிநேகிதனோடு போனான். பாஸ் மீன் ஒன்றைப் பிடித்தான். எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ். நம் கணக்கில் பத்துக் கிலோவுக்குச் சற்று மேல். தராசில் நிறுத்திப் பதிவு செய்து கொண்டான். பிறகு வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடும்பத்தோடு சாப்பிட்டுவிட்டான். இருவருக்குமாகச் சேர்த்து அன்று இருந்தது ஒரே ஒரு பொய் இரை என்று சொல்கிறார்கள். எழுபத்தேழு வருஷம் அந்த எடையை யாரும் தொடவில்லை. 2009-ல் ஜப்பானில் பிவா ஏரியில் மனாபு குரிடா என்பவர் ஓர் அவுன்ஸுக்கும் குறைவான வித்தியாசத்தில் அதைவிடக் கனத்த மீனைப் பிடித்தார். இரண்டு அவுன்ஸாவது கூடினால்தான் புதிய சாதனை என்பது விதியாம். ஆகவே இருவரும் சமம் என்று தீர்ப்பாயிற்று.

இதை நான் மருமானிடம் சொன்னபோது, "அது அதிர்ஷ்டம், மாமா" என்றான். இருக்கட்டும். அதிர்ஷ்டம் என்றே வைத்துக் கொள்வோம். நடுவில் போன எழுபத்தேழு வருஷத்தில் விற்ற கோல்களும் ரீல்களும் படகுகளும் ஒரு சமுத்திரத்தை நிரப்பும். அத்தனையும் சேர்ந்து அந்த ஒரு நாள் அதிர்ஷ்டத்தை எட்டிப் பிடிக்க முக்கால் நூற்றாண்டு ஆயிற்றென்றால், கடைக்காரர் கொஞ்சம் அடக்கமாகப் பேசலாம் அல்லவா?

இந்த வியாபாரம் பெருகியதற்கு ஒரு காரணம் உண்டு. அலபாமாவைச் சேர்ந்த ரே ஸ்காட் என்ற இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு 1967-ல் ஆர்க்கன்ஸா மாகாணத்துப் பீவர் ஏரியில் பாஸ் பிடிக்கும் பந்தயம் ஒன்றை நடத்தினார். மறுவருஷம் ஒரு சங்கம் ஸ்தாபித்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பிடித்த மீனைக் கொல்லாமல் தண்ணீரிலேயே விட்டுவிடும் வழக்கத்தை 1972 முதல் பந்தயங்களில் புகுத்திப் பரப்பியவரும் அவரே. ஆனால் பந்தயம் வந்ததோடு பந்தயக்காரனும் வந்தான். அவன் போட்டுக் கொண்ட சட்டை, அவன் ஏறிய படகு, அவன் வீசிய இரை எல்லாம் விளம்பரமாயின. மீன் பிடித்தலில் தேர்ச்சி என்றால் ஐந்து மீனின் மொத்த எடை என்று ஆகிவிட்டது.

பந்தயக்காரனுடைய நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தனக்குப் பழக்கமில்லாத ஏரிக்கு அவன் போகிறான். ஒத்திகைக்கு இரண்டு மூன்று நாள். அதற்குள் மீனைக் கண்டுபிடிக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு கோல்களை வெவ்வேறு இரையோடு தயாராக வைத்திருப்பது அவனுக்கு அவசியம். அது அவன் பிழைப்பு. என் மருமானுக்கு என்ன அவசரம்? அவன் வீட்டிலிருந்து பத்து நிமிஷத்தில் ஒரு குளம். நாளைக்கும் அங்கேயே இருக்கும். ஐந்து வருஷமாக அதே குளத்துக்குப் போகிறான். அதன் அடியில் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று கேட்டால் கருவியைத் தட்டிப் பார்த்துத்தான் சொல்வான்!

கருவி என்றதும் அவன் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். அதுதான் நியாயம். ஒரு சனிக்கிழமை படகில் கேட்டான்: "அப்போ பக் பெர்ரி?"

பக் பெர்ரி இன்னொரு பெர்ரி. வட கரோலினாக்காரர், பௌதிகம் சொல்லிக் கொடுத்தவர். பாஸ் மீன் பெரும்பாலும் ஆழத்தில் வசிக்கிறது, தண்ணீருக்கடியிலுள்ள மேடு பள்ளங்களின் விளிம்பைப் பாதையாகக் கொண்டுதான் கரைக்கு வந்து போகிறது என்று எடுத்துச் சொல்லி, கரையையே சுற்றிக் கொண்டிருந்தவர்களின் கண்ணைத் திறந்தவர். அவரும் ஓர் உலோக இரையைச் செய்து விற்றவர்தான். "விற்றார் இல்லையா?" என்று மடக்கினான் பையன்.

விற்றார். ஆனால் அந்த இரை எதற்கு? படகின் பின்னால் இழுத்துக் கொண்டு போனால் வெவ்வேறு ஆழத்தில் அடியைத் தட்டிக் கொண்டு வரும். எங்கே தட்டுகிறது, எங்கே தட்டவில்லை என்று கை உணரும். ஏரியின் அடித்தளம் மெல்ல மெல்ல மனசில் படமாகும். 1959-ல் லோரன்ஸ் கம்பெனியார் கொண்டு வந்த பச்சைப் பெட்டியையும் நான் ஆட்சேபிக்கவில்லை. ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கொண்டு ஆழத்தைக் காட்டிய சின்னக் கருவி அது. அதைப் பார்த்தவன் ஏரியைக் கற்றான்.

2018-க்குப் பிறகு பரவியிருக்கும் கருவி வேறு ஜாதி. படகுக்கு முன்னால் தண்ணீருக்குள் நடப்பதை அப்போதைக்கப்போது சினிமா மாதிரி காட்டுகிறது. மீன் இங்கே நிற்கிறது. இதோ நம் இரை அதன் மூக்கருகே இறங்குகிறது. திரும்புகிறது, திரும்பவில்லை. பந்தயக்காரர்களுக்குள்ளேயே இதைப் பற்றிப் பெரிய சண்டை நடந்து, சில பந்தயங்களில் கட்டுப்பாடும் வந்திருக்கிறது. அவர்கள் சண்டை பரிசுப் பணத்தைப் பற்றியது. என் சண்டை வேறு. அந்தக் கருவியின் விலை என் மருமான் வாங்கிய முதல் காரின் விலைக்கு ரொம்பக் குறைவில்லை. அது போகட்டும். படகில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேனே! விடிகிற நேரம். தண்ணீர் மேல் பனிப்புகை. கரையோரம் சின்ன மீன்கள் பயந்து துள்ளுகின்றன. கீழே ஏதோ பெரியது வருகிறது என்று எனக்கே புரிகிறது. ஒரு நீலக் கொக்கு அந்த இடத்தையே குறி வைத்து நிற்கிறது. பையன் குனிந்து கண்ணாடித் திரையைப் பார்த்துக் கொண்டிருக்கிறான். வாரம் ஐந்து நாள் ஆபீசில் செய்வதும் இதுதானே! பிளாஸ்டிக் புழுவைப் பாஸ் வாயில் எடுத்தால் கோல் வளையாது. நரம்பு ஒரு விரற்கடை பக்கவாட்டில் நகரும், அவ்வளவுதான். மூன்று முறை நகர்ந்தது. நான் பார்த்தேன். அவன் பார்க்கவில்லை.

சும்மா உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு வேலை செய்து கொண்டேன். கதை எழுதுகிறவனுக்குப் பையில் நோட்டுப் புத்தகம் இல்லாமல் இருக்காது. தேதி, மணி, காற்று எந்தப் பக்கம், தண்ணீரின் நிறம், சூடு, எங்கே வீசினான், என்ன ஆயிற்று என்று எழுதி வந்தேன். ஒன்பது சனிக்கிழமைகள். கடைசியில் வாசித்துக் காட்டினேன். பிடித்தவற்றில் முக்காலே மூணு வீசம் இரண்டு இடங்களில் கிடைத்தவை: தென்கரையில் ஆழத்துக்குள் சாய்ந்து கிடக்கும் ஒரு பட்ட மரம், கோரை முடிகிற மூலை. அதுவும் மரங்களுக்கு மேல் வெயில் ஏறும் முன்னால். இரை எதுவாக இருந்தபோதும் அப்படியே. இன்னொன்றும் அந்த நோட்டில் இருந்தது. மீன் கடிக்காத நேரமெல்லாம் அவன் இரையை மாற்றிக் கொண்டிருந்தான். மாற்றும்போது நரம்பு தண்ணீரில் இல்லை. பையன் நோட்டை வாங்கி இரண்டு தரம் படித்தான். ஒன்றும் பேசவில்லை.

வீச்சைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த ரீல்களில் உருளை சுழலும் வேகமும் நரம்பு ஓடும் வேகமும் ஒத்துப் போக வேண்டும். ஒத்துப் போகாவிட்டால் பூனை உருட்டிய நூல்கண்டுதான். கட்டைவிரலால் உருளையை இலேசாகத் தொட்டு அடக்க வேண்டும். விலை ஏற ஏற, இந்தச் சிக்கைத் தடுக்க ரீலுக்குள் காந்தம் வைத்துத் தருகிறார்கள். கட்டைவிரலுக்கு யாரும் காந்தம் வைத்துத் தரமுடியாது. கொல்லைப் புல்தரையில் ஒரு வாளியை வைத்து, முள் இல்லாத ஈயக்குண்டைக் கட்டி, தினம் கால் மணி வீசச் சொன்னேன். அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். ஆனி பிறப்பதற்குள் பத்தில் ஆறு வாளிக்குள் விழுந்தது. செலவு ஒரு வாளி.

தகப்பன் மீனைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேனே! தண்ணீர் 60 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டியதும் ஆண் பாஸ் கரையோரம் வாலால் மண்ணைப் பெருக்கி வட்டமாக ஒரு கூடு செய்கிறது. பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். ஆண்தான் காவல். எது அருகே வந்தாலும் பாயும். பொய் இரை வந்தாலும் பாயும். பசியினால் அல்ல, துரத்துவதற்காக. தெளிந்த தண்ணீரில் கூடு கரையிலிருந்தே தெரியும். இதைப் பார்த்து வீசிப் பிடித்துவிட்டு, 'இன்று நாலு பவுண்டு' என்று படம் எடுத்துக் கொள்கிறவர்கள் உண்டு. மீனைத் திரும்ப விட்டுவிட்டோமே என்கிறார்கள். விட்டது வாஸ்தவம். ஆனால் அதைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கும் சில நிமிஷங்களில் சுற்றிலும் காத்திருக்கும் சின்ன மீன்கள் முட்டைகளைக் காலி செய்துவிடும். சில மாகாணங்களில் சட்டமே இதற்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது, சிலவற்றில் இல்லை. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், குழந்தைக்குக் காவல் நிற்பவனை வம்புக்கு இழுத்து ஜயித்தவனுக்குத் தேர்ந்தவன் என்ற பட்டத்தை நான் கொடுக்கமாட்டேன். என் மருமானும் சித்திரையில் அப்படி ஒன்றைப் பிடித்தான். அன்று வீடு திரும்பும் வரை நாங்கள் பேசிக் கொள்ளவில்லை.

திரும்ப விடுவதிலும் கை தேர வேண்டியது இருக்கிறது. கையை நனைத்துக் கொண்டு தொட வேண்டும். உலர்ந்த கை அதன் மேலுள்ள வழுவழுப்பை எடுத்துவிடும். கனத்த மீனைத் தாடையை மட்டும் பிடித்துப் படுக்கை வசமாகத் தூக்காமல் வயிற்றையும் தாங்க வேண்டும். முள்ளின் எதிர்முனையைக் குறட்டினால் நசுக்கிவிட்டால் சீக்கிரம் கழலும். தொண்டைக்குள் விழுங்கும் வரை காத்திராமல் உதட்டிலேயே மாட்டத் தெரிய வேண்டும். இதைக் கற்றுக்கொடுக்கக் கடைக்கு அக்கறை குறைவு. குறடு ஒன்றுக்கு மேல் விற்காது.

நான் ஊர் திரும்பும்போது அந்த நோட்டை அவனிடமே கொடுத்துவிட்டு வந்தேன். போன வாரம் டெலிபோன் செய்தான். குரலில் உற்சாகம்.

"மாமா, ஒரு மாசமா ஒரே கோல்தான் எடுத்துட்டுப் போறேன். கருவியைக் கழட்டி வச்சுட்டேன். பதினாலு பக்கம் எழுதியாச்சு."

"பேஷ்!" என்றேன்.

"உங்க நோட்டு படகிலே நனைஞ்சு போச்சு, மாமா. அதனாலே புதுசா ஒண்ணு வாங்கினேன். மீன் பிடிக்கிறவங்களுக்குன்னே செய்யறாங்க. தண்ணி பட்டாலும் ஊறாது. அதுக்குத் தனிப் பேனாவும் இருக்கு."

விலையை நான் கேட்கவில்லை.