அமைதிப் படைக் கோப்புகளைத் திறக்க வேண்டும்

யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனையில் ஆண்டுதோறும் அக்டோபர் 21 அன்று விளக்கேற்றி அஞ்சலி செலுத்துகிறார்கள். 1987-இல் அதே நாள், தீபாவளியன்று, இந்திய அமைதிப் படை அந்த மருத்துவமனைக்குள் சுட்டுக்கொண்டே நுழைந்தது. மறுநாள் காலையிலும் துப்பாக்கிச் சத்தம் ஓயவில்லை. மருத்துவர்கள், தாதியர், ஊழியர்கள் என்று பணியில் இருந்தவர்கள் மட்டும் 21 பேர் இறந்தார்கள். நோயாளிகளையும் சேர்த்தால் அறுபதுக்கும் மேல். இரவெல்லாம் பிணங்களுக்கு நடுவே பிணம்போலக் கிடந்து தப்பியவர்கள் இருக்கிறார்கள். விடிந்ததும் குழந்தைகள் நல மருத்துவர் ஒருவர், தாதியர் சிலரை அழைத்துக்கொண்டு, கைகளை உயர்த்தி, தாங்கள் மருத்துவமனைக்காரர்கள், சரணடைகிறோம் என்று உரக்கச் சொல்லியபடி வெளியே வந்தார். அவரையும் சுட்டார்கள்.

இதைப் பதிவு செய்தவர்கள் புலிகளின் பிரசாரகர்கள் அல்லர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நால்வர் எழுதிய 'முறிந்த பனை' நூலில் இது இருக்கிறது. புலிகள், மற்ற இயக்கங்கள், இந்தியப் படை, இலங்கைப் படை என எல்லாத் தரப்பின் குற்றங்களையும் ஒரே தராசில் வைத்த நூல் அது. நால்வரில் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். உண்மையைச் சொல்ல அந்த மண்ணில் கொடுக்க வேண்டியிருந்த விலை அது.

மருத்துவமனைக்குள்ளிருந்து புலிகள் சுட்டார்கள், திருப்பிச் சுட நேர்ந்தது என்பது படைத்தரப்பின் விளக்கம். அன்று ஆயுதத்தோடு புலிகள் சிலர் அங்கே வந்தது உண்மைதான். போய்விடும்படி மருத்துவர்கள் அவர்களிடம் மன்றாடியதையும் அதே நூல் சொல்கிறது. ஆனால் மறுநாள் காலை கையுயர்த்தி வந்தவர்மீது குண்டு பாய்ந்ததற்கு அந்த விளக்கம் போதாது. எந்த விளக்கமானாலும் அதை உரசிப் பார்க்க ஒரு விசாரணை வேண்டும். இந்திய அரசு அப்படியொரு பகிரங்க விசாரணையை இன்றுவரை நடத்தவில்லை. இந்த ஒரு சம்பவத்துக்கு மட்டுமல்ல, 1987 ஜூலை முதல் 1990 மார்ச் வரை நீடித்த அந்த 32 மாதங்களில் எதற்குமே நடத்தவில்லை. இனியாவது நடத்த வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு.

நடந்ததைச் சற்றே நினைவுபடுத்திக்கொள்வோம். 1983 கறுப்பு ஜூலைக்குப் பிறகு ஈழ இயக்கங்களுக்கு இந்திய உளவுத்துறை ஆயுதமும் பயிற்சியும் கொடுத்தது. முகாம்கள் தமிழ்நாட்டிலும் இருந்தன, வடக்கே டேராடூனிலும் இருந்தன. எந்த நாடாளுமன்ற விவாதமும் இல்லாமல் நடந்த தலையீடு அது. 1987 ஜூன் 4 அன்று யாழ்ப்பாணத்தின் மேல் விமானத்திலிருந்து உணவுப் பொருள்களைப் போட்டார்கள். ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனாவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். யாருடைய உயிருக்காகவும் உரிமைக்காகவும் அந்த ஒப்பந்தமோ, அந்தத் தமிழர்களின் கையெழுத்து அதில் இல்லை. ஒப்பந்தத்தோடு இரு தலைவர்களும் பரிமாறிக்கொண்ட கடிதங்களைப் படித்தால் டெல்லியின் கவலைகள் இன்னும் தெளிவாகத் தெரியும்: திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவுக்கு எதிராக வேறு எந்த நாட்டுக்கும் கொடுக்கக் கூடாது, அங்குள்ள எண்ணெய்க் குதங்களை இந்தியாவோடு சேர்ந்தே சீரமைக்க வேண்டும், அந்நிய வானொலி நிலையங்கள் உளவுக்குப் பயன்படக் கூடாது. ஒரு நாட்டுக்குத் தன் பாதுகாப்புபற்றிக் கவலை இருப்பது தவறில்லை. அந்தக் கவலைக்கு இன்னொரு நாட்டு மக்களின் வாழ்க்கையைப் பணயம் வைத்தால் கணக்குச் சொல்லும் கடமையும் கூடவே வருகிறது.

யாழ்ப்பாண மக்கள் அந்தப் படையை மாலை போட்டுத்தான் வரவேற்றார்கள். இந்தியா வந்துவிட்டது, இனி ஷெல் விழாது என்று நம்பினார்கள். அக்டோபர் 10 அன்று அதே படை புலிகளுக்கு எதிரான போரைத் தொடங்கியது. ஊரடங்கு, சுற்றிவளைப்பு, முகத்தை மூடிக்கொண்டு வரிசையில் நிற்பவர்களைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டி - இலங்கை இராணுவத்திடம் பார்த்ததையெல்லாம் மக்கள் 'இந்தியன் ஆமி'யிடமும் பார்த்தார்கள். பாலியல் வன்கொடுமைகள் நடந்தன. 1989 ஆகஸ்ட் தொடக்கத்தில், வல்வெட்டித்துறையில் புலிகள் இந்திய வீரர்களைத் தாக்கிக் கொன்றதையடுத்து, படை ஊருக்குள் புகுந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றது. வீடுகள், கடைகள் எரிந்தன. ஊர்ப் பிரஜைகள் குழு பட்டியல் எடுத்தது. டெல்லி வழக்கம்போல இருதரப்புத் துப்பாக்கிச் சண்டை என்றது.

படை திரும்பும் காலம் நெருங்கியபோது நடந்ததைப்பற்றி நாம் இன்னும் குறைவாகப் பேசுகிறோம். இந்திய ஆதரவு பெற்ற இயக்கங்கள், தமிழ்த் தேசிய இராணுவம் என்ற பெயரில், வீதியிலும் வீட்டிலும் பையன்களைப் பிடித்துக்கொண்டு போய்த் துப்பாக்கியைக் கையில் திணித்தன. அந்த ஆயுதம் எங்கிருந்து வந்தது என்பது ஊரறிந்தது. படை கப்பலேறியதும் அந்தப் பையன்கள் புலிகளின் கையில் சிக்கிச் செத்தார்கள். தப்பி வந்தவர்கள் அகதிகளானார்கள். ஒரு தாய் தன் மகனை யாரிடம் கேட்பாள்? புலிகளிடமா, பிடித்துப் போன இயக்கத்திடமா, ஆயுதம் கொடுத்துவிட்டுப் போன அரசிடமா? தெற்கிலோ, இந்தியப் படையின் வருகையை எதிர்த்துக் கிளம்பிய ஜேவிபி கிளர்ச்சியிலும் அதை அடக்கிய கொடூரத்திலும் பல்லாயிரம் சிங்கள இளைஞர்கள் மாண்டார்கள். அந்த நெருப்பை இந்தியா மட்டுமே மூட்டவில்லை. ஆனால் எண்ணெய் வார்த்ததில் அதன் பங்கு உண்டு.

இந்திய வீரர்களும் இதே கொள்கையின் பலிகள்தாம். ஏறத்தாழ 1,200 பேர் இறந்தார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் 1987 அக்டோபர் 11 இரவு ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட சீக்கியப் படைப்பிரிவு வீரர்கள் 30 பேரில் 29 பேர் திரும்பவில்லை. ஒருவர் மட்டும் சிறைப்பட்டு உயிர் பிழைத்தார். புலிகள் அங்கே காத்திருந்தார்கள் என்பது இறக்கிய பிறகுதான் தெரிந்தது. நவம்பர் 25 அன்று பதுங்கித் தாக்கியவர்களோடு போராடி உயிர்விட்ட மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குப் பரம்வீர் சக்கரம் கிடைத்தது. ஒரு தமிழ் அதிகாரி, தமிழ்ப் பகுதியில், இந்தியாவே முன்பு வளர்த்துவிட்ட ஓர் இயக்கத்தின் தமிழ்ப் பிள்ளைகளோடு சண்டையிட்டுச் செத்தார். அவரை அங்கே அனுப்பியவர்கள் எதை நம்பி அனுப்பினார்கள்? சில வாரங்களில் முடிந்துவிடும் என்று கணித்தது யார்? "இவர்கள் நம்ம பையன்கள், நம்மைச் சுடமாட்டார்கள்" என்ற மிதப்பு உளவுத்துறைக்கு எப்படி வந்தது?

இந்தக் கேள்விகளுக்கு விடை கொஞ்சம் கிடைக்கிறது. ஓய்வுபெற்றவர்கள் எழுதிய புத்தகங்களில் கிடைக்கிறது. படைத் தலைமைத் தளபதியாக இருந்த தீபிந்தர் சிங் எழுதினார். யாழ்ப்பாணத்தில் டிவிஷனுக்குத் தலைமை தாங்கிய ஹர்கிரத் சிங் எழுதினார். கொழும்பில் தூதராக இருந்த ஜே.என்.தீட்சித் எழுதினார். தளபதிகள் தூதரைக் குறை சொல்கிறார்கள், தூதர் தளபதிகளையும் உளவுத்துறையையும் குறை சொல்கிறார். பேச்சுவார்த்தைக்கு வரும் பிரபாகரனைச் சுட்டுவிடும்படி தனக்குச் சொல்லப்பட்டதாகவும், தான் மறுத்ததாகவும் ஹர்கிரத் சிங் எழுதியிருப்பது சாதாரணக் குற்றச்சாட்டா? வெள்ளைக்கொடி மரபை மீறி ஒருவரைக் கொல்லச் சொன்னார்கள் என்று ஒரு மேஜர் ஜெனரல் எழுத்தில் வைக்கிறார். வேறு எந்த ஜனநாயகத்திலும் நாடாளுமன்றக் குழு அவரை அழைத்துச் சத்தியப் பிரமாணத்தின் மேல் கேட்டிருக்கும். இங்கே அது புத்தக விமர்சனத்தோடு முடிந்தது.

நம்மால் விசாரிக்க முடியாது என்பதில்லை. கார்கில் போர் ஓய்ந்த கையோடு 1999 ஜூலை 29 அன்று கே.சுப்ரமணியம் தலைமையில் ஆய்வுக் குழு அமைத்தார்கள். ஐந்தே மாதத்தில் அறிக்கை வந்தது, அடுத்த பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. கொழும்பு ஒப்பந்தம் கையெழுத்தாகிச் சரியாகப் பன்னிரண்டாம் ஆண்டு நிறைவு நாளில்தான் அந்தக் குழுவை நியமித்தார்கள். நம் எல்லைக்குள் பகைவன் நுழைந்தால் ஏன் என்று கேட்கிறோம். நாம் இன்னொருவர் எல்லைக்குள் போனபோது நடந்ததைப்பற்றி யாரும் கேட்பதில்லை. ராஜீவ் காந்தி படுகொலையை வர்மா ஆணையமும் ஜெயின் ஆணையமும் விசாரித்தன. ஜெயின் ஆணையம் 1981 வரை பின்னோக்கிப் போய்ப் பார்த்தது, அதன் இடைக்கால அறிக்கையால் ஓர் ஆட்சியே கவிழ்ந்தது. ஆனாலும் யாழ்ப்பாணத்தில் இறந்த பொதுமக்கள் எத்தனை பேர், எப்படி இறந்தார்கள் என்று விசாரிக்க எந்த ஆணையமும் அமையவில்லை.

மற்ற நாடுகள் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. ஆனாலும் பிரிட்டன் ஈராக் போர்பற்றி சில்காட் குழுவை அமைத்தது. பிரதமராக இருந்த டோனி பிளேர் அதன்முன் உட்கார்ந்து பகிரங்கமாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 2016-இல் வெளியான அறிக்கை, அமைதிவழிகள் தீர்ந்துபோகும் முன்பே போருக்குப் போனார்கள் என்று எழுதிவைத்தது. யாரும் சிறைக்குப் போகவில்லைதான். கனடா கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. சோமாலியாவுக்கு அமைதி காக்கப் போன அதன் வான்குடை வீரர்கள் 1993-இல் ஒரு சிறுவனை அடித்தே கொன்றார்கள். வழக்கு நடந்தது, விசாரணை ஆணையம் அமைந்தது, அந்தப் படைப்பிரிவையே 1995-இல் கலைத்தார்கள். அந்த ஆணையத்தை அரசு பாதியில் முடித்துவைத்தது என்ற குறை உண்டு. ஒரு சோமாலியச் சிறுவனுக்காக அவ்வளவு தூரமாவது போனார்கள். காலம் கடந்துவிட்டது என்பவர்கள் ராவகெடேயைப் பார்க்க வேண்டும். இந்தோனேசியாவின் அந்தக் கிராமத்தில் டச்சுப் படை 1947-இல் ஆண்களைச் சுட்டுக் கொன்றது. 2011-இல் ஹேக் நீதிமன்றம் காலவரம்பு வாதத்தை ஏற்க மறுத்து, கைம்பெண்களுக்கு இழப்பீடு தரச் சொன்னது. டச்சு அரசு மன்னிப்பும் கேட்டது. இடையில் 64 ஆண்டுகள்.

தமிழ்நாட்டின் மௌனத்தையும் பேசத்தான் வேண்டும். 1990 மார்ச்சில் படை திரும்பி வந்தபோது முதலமைச்சர் கருணாநிதி சென்னைத் துறைமுகத்துக்கு வரவேற்கப் போகவில்லை. பெரும் கண்டனத்துக்கு ஆளான முடிவு அது. அடுத்த ஆண்டு மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் வெடித்த குண்டு ராஜீவ் காந்தியையும் உடனிருந்த பலரையும் கொன்றது. மன்னிக்க முடியாத அந்தக் குற்றத்துக்குப் பிறகு, அமைதிப் படை செய்ததைப் பேசினாலே கொலையை நியாயப்படுத்துவதாகப் பொருள் கொண்டார்கள். பயந்து வாய்மூடினோம். ஒரு கொலை இன்னொரு கொலையை அழித்துவிடாது என்று நிதானமாகச் சொல்லும் துணிவு பத்திரிகைகளான எங்களுக்கும் போதவில்லை. 2009-க்குப் பிறகு இலங்கை அரசின் போர்க்குற்றங்களுக்கு விசாரணை கேட்டுச் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டோம், மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், அது சரியானது. 2012-இலும் 2013-இலும் ஜெனீவாவில் இந்தியா இலங்கைக்கு எதிரான தீர்மானங்களை ஆதரித்து வாக்களித்தது, அதுவும் சரியானது. உன் படை செய்ததை விசாரி என்று அண்டை நாட்டிடம் சொல்லும் அரசு, தன் படை அதே மண்ணில் செய்ததைப் பூட்டி வைத்திருந்தால் அந்தச் சொல்லுக்குக் கொழும்பில் என்ன மதிப்பு இருக்கும்?

படையின் மனவுறுதி குலையும் என்பார்கள். கையுயர்த்தி வந்த மருத்துவரைச் சுட்டது யார் என்று தெரியாதவரை, அந்தக் கறை அங்கே கடமையைச் செய்த ஒவ்வொரு வீரர்மீதும் படிந்திருக்கிறது. விசாரணையால் பெரும்பாலோர் விடுபடவே செய்வார்கள். உறவு கெடும் என்பதற்கும் அடிப்படை இல்லை. நாம் நம்மை விசாரித்துக்கொள்வதால் கொழும்புக்கு என்ன வருத்தம்?

வழி புதிதாகப் போட வேண்டியதில்லை. போர்கள், படை நடவடிக்கைகளின் ஆவணங்களைச் சாதாரணமாக 25 ஆண்டுகளில் வெளிப்படுத்த வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சகமே 2021 ஜூனில் கொள்கை வகுத்தது. அமைதிப் படைக்கு அந்த 25 ஆண்டு 2015 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(3) பிரிவும் 20 ஆண்டு கடந்த செய்திகளைத் திறக்கச் சொல்கிறது, பாதுகாப்பு முதலான சில விலக்குகளோடு. முதலில் மருத்துவமனை, வல்வெட்டித்துறை ஆகிய இரு சம்பவங்களின் படை ஆவணங்கள் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகட்டும். ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்து, யாழ்ப்பாணத்திலேயே, தமிழிலேயே சாட்சியம் கேட்கட்டும். இறந்த, ஊனமுற்ற பொதுமக்களின் பெயர்ப் பட்டியல் தயாராகட்டும். இழப்பீடு அதன்படி போகட்டும். இறந்த வீரர்களின் குடும்பங்களுக்கும் அவர்களை அனுப்பிய முடிவின் கோப்பைப் பார்க்கும் உரிமை உண்டு. கூடவே, இனி எந்த அரசும் வெளிநாட்டுக்குப் படை அனுப்பும் முன் நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்று சட்டம் வர வேண்டும். இன்று அப்படி ஒரு கட்டாயம் நம் அரசமைப்பில் இல்லை.

அன்று அந்த மருத்துவமனையில் முப்பது வயதில் பணியாற்றியவர்கள் எழுபதை நெருங்கிவிட்டார்கள். படையில் இருந்த இளம் அதிகாரிகளுக்கும் அதே வயதுதான். தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குப் போயிருக்கும் 39 பேரும் இந்த விசாரணையைக் கேட்டு வரும் கூட்டத்தொடரிலேயே தீர்மானம் கொண்டுவர வேண்டும்; சாட்சிகள் இருக்கும்போதே.