ஊழியம் என்றால் ஊதியம் இல்லையா?



2019ஆம் ஆண்டு களமசேரிக்கு அருகே ஒரு சபை நடத்தும் பள்ளி விடுதியில் ஒரு பிரிவுபசார விழா நடந்தது. விடுதிச் சமையலறையில் 18 ஆண்டுகள் அடுப்பின் முன் நின்ற ஒரு தமிழ்ச் சகோதரிக்குப் பொன்னாடையும் ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்தோம். ஜெபம் செய்தோம், பிரியாணி சாப்பிட்டோம், கலைந்தோம். பொன்னாடையைப் போர்த்தியவன் அடியேன்தான். விழாக் குழுவில் நானும் இருந்தேன்.

ஒரு வாரம் கழித்து ஒரு வழக்கறிஞர் நண்பர், "அந்த அம்மாவுக்குப் பணிக்கொடை கொடுத்தாயிற்றா?" என்று கேட்டார். நான் விழித்தேன். "இது தர்ம ஸ்தாபனம் ஆயிற்றே?" என்றேன். அவர் சிரித்துவிட்டு, காகிதத்தில் கணக்குப் போட்டார். கடைசிச் சம்பளம் 10,400 ரூபாய். அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் 6,000. பதினெட்டு ஆண்டுகளுக்கு 1,08,000 ரூபாய். நாங்கள் கொடுத்த கடிகாரத்தின் விலை 450 ரூபாய்.

1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கல்வி நிறுவனங்களுக்கு 1997 ஏப்ரல் 3 முதலே பொருந்திவந்தது. ஆசிரியர்கள் இதில் வருவார்களா என்ற வழக்கு நீண்ட பிறகு, 2009ல் திருத்தம் கொண்டுவந்து அதே 1997ஆம் ஆண்டுத் தேதியிலிருந்து அவர்களையும் சேர்த்தார்கள். சமையல்காரர், காவலாளி, ஓட்டுநர் பற்றி அந்த ஐயம்கூட இல்லை. சபை நடத்தும் பள்ளி என்று விலக்கும் இல்லை.

இதை அந்தச் சகோதரியிடம் சொன்னபோது அவர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது: "ஆண்டவர் காரியத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா தம்பி?" தொழிலாளியே இப்படி நினைப்பதுதான் நமக்கு வசதியாகப் போய்விட்டது. நிர்வாகத்துக்கு எழுதிக் கேட்டோம். மூன்று மாத இழுபறிக்குப் பின் பணம் வந்தது. கேட்டதால் வந்தது. கேட்காமல் ஊருக்குப் போனவர்கள் எத்தனை பேரோ!

"சிறுபான்மையினரின் உரிமையில் அரசு தலையிடலாமா?" என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். அரசியல் சட்டத்தின் 26, 30ஆம் பிரிவுகள் தரும் உரிமை பெரியது. அதைக் காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் நிர்வகிக்கும் உரிமை சீர்கெட நிர்வகிக்கும் உரிமை ஆகாது என்று 1958லேயே, இதே கேரளத்தின் கல்வி மசோதாவைப் பற்றிய கருத்தில், உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

1978ல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் முக்கியத் தீர்ப்பை எழுதியவர் நமக்கு அந்நியர் அல்ல. பாலக்காட்டில் பிறந்து எறணாகுளத்தில் வாழ்ந்து 2014ல் மறைந்த நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர். நிறுவனத்தின் நோக்கம் தர்மமாக இருக்கலாம், அதற்காகக் கூலிக்கு உழைப்பவன் தர்மம் செய்யவில்லை என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். சம்பளமில்லாமல் தொண்டர்களே நடத்தும் சிறிய ஆசிரமங்களுக்கு அவர் விலக்கும் கொடுத்தார். நியாயமான கோடுதான் அது.

இப்போது நிலைமை சற்று மாறியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றில் தொழிலுறவுத் தொகுப்பு, தர்ம நிறுவனங்களைத் 'தொழில்' என்ற சொல்லின் வரையறையிலிருந்தே நீக்கிவிட்டது. இதைக் கேட்டு மகிழ்ந்த சில நிர்வாகிகளை நான் அறிவேன். அவர்கள் அவசரப்படுகிறார்கள். பணிக்கொடையும் பி.எப்.பும் இ.எஸ்.ஐ.யும் இருப்பது வேறொரு தொகுப்பில். அந்த வரையறை அங்கே செல்லாது. பெண்களுக்குப் பணியிடத்தில் பாதுகாப்புத் தரும் 2013ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படியே இருக்கிறது. பத்துப் பேர் வேலை செய்தால் உள்ளகக் குழு அமைத்தே தீரவேண்டும். அருட்சகோதரிகளும் குருக்களும் பள்ளியில் வாங்கும் சம்பளத்துக்குக்கூட வருமான வரி பிடித்தம் உண்டு என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சம்பளம் மடத்துக்குப் போனாலும் சட்டத்தின் கண்ணில் அது சம்பளமே.

ஆகவே சபைக் குழுக்களில் இருக்கும் நம் உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோயில்பிள்ளையோ, இங்குள்ளவர் சொல்லும் கப்யாரோ, சமையல்காரரோ, யாராக இருந்தாலும் நியமனக் கடிதம் கொடுங்கள். அவருக்குத் தெரிந்த மொழியில் கொடுங்கள்; மலையாளம் வாசிக்கத் தெரியாதவரிடம் மலையாளக் காகிதத்தில் கையெழுத்து வாங்காதீர்கள். சம்பளத்தை வங்கி மூலம் தாருங்கள். இருபது பேர் ஆனால் பி.எப்., பத்துப் பேர் ஆனால் இ.எஸ்.ஐ. என்பதை நினைவில் வையுங்கள். பாதாளத்தில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருந்தும் நம்மவர் கடன் வாங்கித் தனியார் மருத்துவமனைக்கு ஓடுவது யார் குற்றம்? பணிக்கொடைக்காக மாதந்தோறும் ஒரு சிறு தொகையை ஒதுக்கினால், ஓய்வு நாளில் யாரும் திகைக்க வேண்டாம்.

சிறிய சபைகளின் காணிக்கை எவ்வளவு என்று எனக்குத் தெரியாததல்ல. ஓலைக் கொட்டகையில் தொடங்கியவர்களுக்கு இது பாரம்தான். ஆனால் புதிய கோபுரத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் பணம் புரட்ட முடிந்த இடத்தில், சமையலறைக்கு மட்டும் பஞ்சம் வருவதை ஏற்க என் மனம் மறுக்கிறது. கூலிக்காரனின் கூலியைப் பிடித்துவைப்பதைக் கண்டிக்கும் வேதத்தையே ஞாயிறுதோறும் வாசிக்கிறோம்.

நம் சங்கம் மாதம் ஒரு ஞாயிறு மாலை, ஒரு வழக்கறிஞரை அமர்த்தி, தமிழில் இலவச ஆலோசனை நடத்தலாம். தொழிலாளியும் வரட்டும், சபைப் பொருளாளரும் வரட்டும். இருவருமே நம்மவர்கள்தானே. அடுத்த பொதுக்குழுவில் இதை முன்மொழிய இருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.

பொன்னாடை போர்த்துவோம். அதற்கு முன் கணக்கை முடிப்போம்.