மறந்தவர் யார்?

நினைவுகளின் தொகுப்பே மனிதன் என்னும் கருத்து நம்மிடையே கேள்வியின்றி உலவிவருகிறது. எழுதுகிறவர்களுக்கு இது மிகவும் உவப்பானதும்கூட. பால்ய நினைவுகளைப் பக்கம் பக்கமாக எழுதித் தீர்ப்பவர்கள் நாம்தானே. எனக்கு இதில் உடன்பாடில்லை.

தத்துவத்தில் இக்கருத்தின் மூலவராகச் சொல்லப்படுபவர் ஜான் லாக். தம் நூலின் இரண்டாம் பதிப்பில் (1694) புதிதாகச் சேர்த்த அத்தியாயத்தில், ஒருவருடைய தன்னுணர்வு கடந்தகாலத்தில் எதுவரை எட்டுகிறதோ அதுவரைதான் அவர் அதே ஆள் என்று வாதிட்டார். தாமஸ் ரீட் 1785இல் இதை மடக்கினார். பழத்தோட்டத்தில் திருடி அடிவாங்கிய சிறுவன் படை அதிகாரியாகி எதிரியின் கொடியைக் கைப்பற்றுகிறான், முதுமையில் தளபதியாகிறான். அதிகாரிக்கு அடி நினைவிருக்கிறது. தளபதிக்குக் கொடி நினைவிருக்கிறது, அடி மறந்துவிட்டது. அப்படியானால் தளபதி அந்தச் சிறுவனா, இல்லையா? நல்ல மடக்குதான். ஆனால் தர்க்கத்தால் இவ்விஷயத்தில் எவரும் மனம் மாறியதாகத் தெரியவில்லை. நானும் மாறவில்லை.

என்னை அசைத்தது கிளைவ் வேரிங்கின் வாழ்க்கை. பிரிட்டனைச் சேர்ந்த இசை அறிஞர். சேர்ந்திசைக் குழுக்களை நடத்தியவர். 1985இல் ஹெர்பீஸ் வைரஸ் மூளையைத் தாக்கியது. அதன்பின் எந்த நிகழ்வும் சில வினாடிகளுக்குமேல் அவரிடம் தங்கவில்லை. பழைய நினைவுகளும் பெரும்பாலும் போயின. தம் நாட்குறிப்பில், இப்போதுதான் முதன்முறையாக விழித்தெழுந்ததாக நேரம் குறித்து எழுதுவார். சற்றைக்கெல்லாம் அதைப் பொய்யென்று அடித்துவிட்டு, இதுவே மெய்யான விழிப்பு என்று மீண்டும் எழுதுவார். பக்கங்கள்தோறும் இதே அடித்தல், இதே எழுத்து.

ஆனால் மனைவி டெபோரா அறைக்குள் நுழைந்தால், பல ஆண்டுகள் பிரிந்திருந்தவரைப்போல ஓடிவந்து தழுவிக்கொள்வார். ஐந்து நிமிடம் வெளியே போய்வந்தாலும் அதே தழுவல். பியானோவின் முன் அமர்த்தினால் வாசிப்பார். பாடகர்கள் முன் நின்றால் கைகள் தாமாக அவர்களை நடத்தும். இசை ஓடும்வரை அவர் முழுமனிதர். அது நின்றதும் மறுபடியும் பள்ளம்.

லாக்கின் அளவுகோலின்படி, அந்த அறையில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான மனிதர்கள் பிறந்து மறைந்திருக்க வேண்டும். டெபோரா கண்டதோ ஒரே ஒருவரை. நான் டெபோராவின் பக்கம்.

இதற்காக அவர் இழந்தது சிறிதென்று சொல்லவரவில்லை. தம் நிலை மரணத்தைப் போன்றது என்று வேரிங்கே திரும்பத்திரும்பச் சொல்லியிருக்கிறார். எனினும் அப்படிச் சொல்வதற்கு அங்கே ஒருவர் இருந்தார் அல்லவா?

என் பெரியம்மாவுக்குக் கடைசி நான்கு ஆண்டுகள் யாரையும் அடையாளம் தெரியவில்லை. என்னை என் அப்பாவின் பெயர்சொல்லி அழைப்பார். முதலில் நான் திருத்திக்கொண்டிருந்தேன், ஏதோ கடமைபோல. ஒவ்வொரு திருத்தத்துக்கும் அவர் முகத்தில் ஒரு வெட்கம் பரவும். குற்றம் செய்தவர்போலத் தலைகுனிவார். எதற்காக வெட்கப்பட்டோம் என்பது மறந்த பின்னும் அந்த வெட்கம் மட்டும் நெடுநேரம் இருக்கும். உறவினர் ஒருவர், "அவங்கதான் இல்லையே, உடம்புதானே இருக்கு, அடிக்கடி போய் என்ன ஆகப்போகுது?" என்றார். அவர் கொடியவர் அல்லர். நினைவே மனிதன் என்று நம்புகிறவர், அவ்வளவுதான். நானும் அப்போது தலையாட்டிவிட்டு இரண்டு மாதங்கள் போகாமலிருந்தேன்.

பிறகு போனபோது, யாரென்று தெரியாத எனக்குத் தன் தட்டிலிருந்த முறுக்கில் பாதியை உடைத்து நீட்டினார். அறுபது ஆண்டுகளாக, வீட்டுக்கு வந்த எவரையும் சாப்பிட்டாயா என்று கேட்காமல் அனுப்பாதவர் அவர்.

"சாப்பிடுப்பா, வெயில்ல வந்திருக்கே" என்றார், அப்பாவின் பெயரைச் சொல்லி. நான் திருத்தவில்லை.