பார்பரா என்றால் அந்நியப் பெண்

பார்பரா... கேட்க நாகரிகமான பெயர். பிறந்ததோ கேலியில்!

புரியாத மொழி பேசினவர்கள் 'பர்பர்' என்று உளறுவதாகப் பழைய கிரேக்கர்கள் காதில் விழுந்ததாம். அதனால் அந்நியர்களுக்கு 'பார்பரோஸ்' என்று பெயர் வைத்தார்கள். அதிலிருந்து வந்த பெண்பெயர்தான் பார்பரா.

அதே பெயரில் பிறகு ஒரு புனிதையைக் கும்பிட்டார்கள். டிசம்பர் 4 அவர் திருநாள். ஐரோப்பியச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு அவர்தான் காவல் தெய்வம். 1969-ல் கத்தோலிக்கத் திருச்சபை தன் பொது நாட்காட்டியிலிருந்து அந்தத் திருநாளை எடுத்தது. பெயர் மட்டும் போகவே இல்லை.

நம் தமிழையும் இங்கே வடக்கில் டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி என்பார்கள். அதற்காக, அவர்கள் வாயில் நுழையவில்லை என்று பிள்ளைகளின் 'ழ'வையும் 'ள'வையும் வெட்ட வேண்டாம் என்பது என் கட்சி. கேலியே பெயராகி நிலைத்திருக்கிறது. ஆசையாய் வைத்த பெயர் நிலைக்காதா என்ன?