நாற்பது நிமிட வகுப்பு

2020ஆம் ஆண்டு மார்ச்சில் கொள்ளைநோயின் பொருட்டுப் பாடசாலைகள் மூடப்பட்ட காலத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். முள்ளியவளையில் எம் வீட்டில் இருந்ததோ ஒரே கைத்தொலைபேசி. கற்கும் பிள்ளைகள் இருவர்.

உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிய மூத்தவள், ஸூம் வகுப்புக்கென அதனை எடுத்துக்கொண்டு முற்றத்து மாமரத்தடிக்குச் செல்வாள். வீட்டினுள் ‘கவறேஜ்’ கிட்டாது. ஆசிரியரின் முகம் அசைவற்று நிற்கும். குரல் துண்டு துண்டாய் வரும். கட்டணமின்றிக் கூடும் வகுப்புக்கு 40 நிமிடமே எல்லை. கணக்கின் விடை தோன்றுமுன் திரை மறைந்துவிடும்! பாடசாலையில் மணியடிப்பவர் இத்துணை இரக்கமற்றவரல்லர்.

ஒருநாள் ஆசிரியர் அவளை வினவினார். அவள் சரியான விடையையே கூறினாள். ஒலி போய்ச் சேரவில்லை. “பிள்ளை வகுப்பில இல்லைப்போல” என்று கூறி அடுத்தவரை அழைத்தார். அன்றிரவு அவள் உணவருந்தவில்லை.

நடுவே சில காலம் பாடசாலை திறந்து, மீண்டும் மூடியது. ஒக்டோபரிற் பரீட்சையும் வந்தது.

இளையவனோ, தன் பாடங்கள் வட்ஸ்அப்பில் படமாக வந்தாற் போதுமென்று தானாகவே ஒதுங்கிக்கொண்டான். அவன் விட்டுக்கொடுத்த வகுப்புகள் எத்தனையென்று அன்று நான் எண்ணவில்லை. இப்பொழுது கேட்டாலும் சிரிக்கின்றான்.