காப்பி என்றொரு பூனை

சகோதரிகளே, குழந்தைகளுக்குப் படப் புத்தகம் வாங்கும்போது யாருடைய அபிப்பிராயத்தைக் கேட்கிறீர்கள்? கம்பத்தில் என் அக்காள் வீட்டில் ஒரு குடும்பமே கூடித் தீர்ப்புச் சொன்ன கதையைக் கேளுங்கள்.

புத்தகத்தின் பெயர் 'கேட்ச் தட் கேட்'. தாரிணி விஸ்வநாத் எழுதி, நான்சி ராஜ் படம் வரைந்து, சென்னைத் துளிகா பதிப்பகம் 2013-ல் வெளியிட்டது. மீமோவின் பூனையைக் காணவில்லை. பூனைக்குப் பெயர் காப்பி! டிப் டிப் என்ற குறும்புக்காரச் சிறுமி அதைத் தேடிப் புறப்படுகிறாள். அவள் போவது சக்கர நாற்காலியில். கடைசியில், பூனைக்காக மரத்திலேயே ஏறிவிடுகிறாள்!

இரவுச் சாப்பாடு முடிந்ததும் எல்லோருக்கும் தமிழில் சொல்லிக் காட்டினேன்.

"பூனைக்குக் காப்பின்னு பேரு வைப்பாகளா?" என்று சிரித்தாள் அப்பத்தா. உடனே முகம் மாறியது. "நடக்க மாட்டாத புள்ளைய மரத்துல ஏத்தலாமா? விழுந்தா யார் பாக்குறது?"

"பூனை தானே இறங்கி வந்திடும்" என்றான் பையன். அவன் தங்கையோ, இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். சக்கர நாற்காலியைப் பற்றி அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. படத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டிய பிள்ளைகளைப் பார்த்து, "இவ்வளவு நேரம் சண்டையில்லை, அதுவே போதும்" என்றாள் அக்காள்.

மதினியை யாரும் கேட்கவில்லை. அத்தானின் அக்காளுக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம். அந்த நோய் ஒழிந்ததென்று உலக சுகாதார நிறுவனம் 2014-ல் நம் தேசத்துக்குச் சான்று தந்துவிட்டது. ஆனால் அதற்கு முன்னால் கால் இழந்தவர்கள் நம் வீடுகளில் இருக்கத்தானே செய்கிறார்கள்? மதினி உட்கார்ந்தபடியே ஊருக்கெல்லாம் ரவிக்கை தைப்பவள்.

"நீங்க சொல்லுங்க, மதினி" என்றேன்.

ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்: "மரம் ஏறுனது பெரிசில்லை. தெருவுக்குப் போனா பாரு, அதான்."

வீடு அமைதியாகிவிட்டது. வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்குக் குடும்பம் முழுவதும் சுருளி அருவிக்குப் போகும். வீட்டுக்குக் காவல் மதினி. பாசத்தால்தான் அப்படி வைத்தார்கள்; விழுந்துவிடுவாளே என்ற பயம். கம்பத்திலிருந்து பத்து கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் அருவியை அவள் பார்த்ததில்லை.

மறுநாள் காலை நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, அத்தான் வாசலில் கொத்தனாருடன் நின்றிருந்தார். மூன்று படிகளையும் சரிவாக்க எத்தனை மூட்டை சிமெண்ட் ஆகும் என்று கணக்கு நடந்தது. அப்பத்தா திண்ணையிலிருந்து, "வழுக்காம போடச் சொல்லு" என்றாள்.

உங்கள் வீட்டில் காவலுக்கு இருப்பது யார், சகோதரிகளே? அடுத்த பயணத்துக்கு முன் அவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.