எட்டுகிற படியில் கால் வையுங்கள்



"மாதம் இவ்வளவு சம்பாதிக்க வேண்டும், வருஷத்துக்குள் இதை வாங்கிவிட வேண்டும்" என்று மனசுக்குள் கோட்டை கட்டாத பெண் உண்டா? கட்டலாம், தப்பே இல்லை. ஆனால் அந்தக் கோட்டைக்கு எத்தனை செங்கல் வேண்டும், அதைச் சுமக்க நமக்கு எத்தனை கை இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு. எண்ணாமல் இறங்கிவிட்டு, மூன்றாம் மாதம் "எனக்கு ராசியில்லை" என்று ஒதுங்கிவிடுகிறோம். ராசி என்ன செய்யும், பாவம்! கணக்கு அல்லவா இடித்திருக்கிறது!

எங்கள் கீழக்குயில்குடியில் நடந்ததையே சொல்கிறேனே. இரண்டு தெரு தள்ளி ஓர் இளம் தாய். 2 வயசில் ஒரு பிள்ளை. கணவர் மதுரைக்கு வேலைக்குப் போய் வருகிறார்.

"இட்லி மாவு ஆட்டி விக்கப் போறேங்க்கா. பொங்கலுக்குள்ள மாசம் முப்பதாயிரம் லாபம் பாத்துரணும்" என்றாள்.

"நல்லது தாயி. அதுக்கு என்ன ஏற்பாடு?"

"கழுத்துச் செயினை அடகு வச்சு, ஓட்டல்ல இருக்கிற மாதிரி பெரிய கிரைண்டரா வாங்கிப்புடலாம்னு இருக்கேன்."

அம்மா வீட்டில் போட்ட 4 பவுன் சங்கிலி அது. அவளுக்கென்று இருக்கிற ஒரே கையிருப்பு. வேண்டாம் என்று நான் வாயெடுக்கவில்லை. "ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துட்டு வா" என்றேன்.

அவள் சொன்ன விலையில் அரிசி, உளுந்து, கரண்ட், கவர் எல்லாம் போகக் கிலோவுக்கு 15 ரூபாய் நின்றது. அப்படியானால் 30,000 ரூபாய்க்கு மாதம் 2,000 கிலோ மாவு விற்க வேண்டும். ஒரு நாள் கூட லீவு போடாமல் தினம் 66, 67 கிலோ! ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டால் சுமார் 3 கிலோ மாவு காணும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் 22 கிலோ அரிசி ஊற வேண்டும். அவளிடம் இருக்கிற வீட்டுக் கிரைண்டரில் ஓர் ஈட்டுக்கு முக்கால் கிலோ அரிசிதான் ஆடும். அரிசிக்கு மட்டுமே 30 ஈடு. ஈட்டுக்கு 20 நிமிஷம் என்றாலும் 10 மணி நேரம். உளுந்து தனி. கழுவுவது, அள்ளுவது, கவரில் கட்டுவது தனி. பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது எப்போது?

"அதுக்குத்தானேக்கா பெரிய கிரைண்டர்?" என்றாள்.

சரி, பெரிய கிரைண்டர் மாவை ஆட்டிவிடும். வாங்குவது யார்? நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை சமணர் மலைக்கும் தாமரைக் குளத்துக்கும் வருகிற கூட்டத்தைப் பார்த்தால் 'இத்தனை ஜனமா' என்று தோன்றும். அவர்கள் மலை ஏறிச் சிற்பம் பார்ப்பார்கள், அய்யனாரைக் கும்பிடுவார்கள், போய்விடுவார்கள். மாவு வாங்க வந்தவர்கள் இல்லை. திங்கட்கிழமை வாங்கப்போவது நம் தெருக்காரர்கள்தான். ஆனால் அடகு வட்டி ஞாயிறு, திங்கள் பார்க்காது. மாவு விற்றாலும் ஏறும், புளித்துக் கொட்டினாலும் ஏறும்.

அப்புறம் கணக்கைக் கீழிருந்து போட்டோம். தெரிந்த வீடுகளில் கேட்டு வந்ததில், வாரத்தில் 5 நாள், தினம் 6 கிலோ போகும் என்று தெரிந்தது. 2 கிலோ அரிசி, அரைக் கிலோ உளுந்து. பிள்ளை தூங்கும் நேரத்திலேயே ஆட்டிவிடலாம். வாரத்துக்கு 30 கிலோ, 450 ரூபாய். மாதம் சுமார் 1,800.

அவள் முகம் வாடிவிட்டது. "இம்புட்டுத்தானாக்கா?"

இம்புட்டுத்தான். ஆனால் இது கடனில்லாத 1,800. இதில் மாதம் 500 தபாலாபீசில் போட்டால் வருஷத்தில் 6,000 ரூபாய் முதல் சேர்ந்துவிடும், வட்டி வேறு. கழுத்தில் சங்கிலியும் இருக்கும்.

சின்னதாக ஆரம்பித்தால் சின்னதாகவே நின்றுவிடும் என்று பயப்படுகிறீர்களா? நம் மதுரைப் பக்கத்துச் சின்னப்பிள்ளை அம்மாளை நினைத்துக்கொள்ளுங்கள். அழகர்கோயில் பக்கத்துக் கிராமத்தில் விவசாயக் கூலி வேலை செய்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். வட்டிக்கடைக்காரரிடம் நூற்றுக்கு மாதம் 10 ரூபாய் வட்டி என்றால், வருஷத்தில் 100 ரூபாய்க்கு 120 ரூபாய் வட்டியே கட்டவேண்டும்! அந்தப் பிடியிலிருந்து வெளியே வர, ஏழைப் பெண்கள் பத்திருபது பேராகச் சேர்ந்து மாதாமாதம் ஒரு சிறு தொகை போட்டு, அதையே தங்களுக்குள் கடனாகக் கொடுத்து வாங்கினார்கள். களஞ்சியம் என்று பெயர். அந்த இயக்கத்தை ஊர் ஊராக வளர்த்தவர்களில் முன்னால் நின்றவர் இவர். 2001 ஜனவரியில் டெல்லியில் ஸ்த்ரீ சக்தி விருது வழங்கிய பிரதமர் வாஜ்பாய், மேடையிலேயே குனிந்து இவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீயும் கிடைத்தது. விருது வாங்க வேண்டும் என்று குறி வைத்தா இவர்கள் ஆரம்பித்தார்கள்? இந்த மாதச் சந்தா தவறக்கூடாது, அதுதான் குறி.

1992-இல் நபார்டு வங்கி, சுய உதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தைத் தொடங்கியதும் இதே நம்பிக்கையில்தான். ஆறு மாதம் ஒழுங்காகக் கூடி, சேமித்து, கடன் கொடுத்து வாங்கி, கணக்கு எழுதி வந்த குழுவா என்று பார்த்துத்தான் வங்கி கடன் தருகிறது. ஆசை எவ்வளவு பெரிசு என்று கேட்பதில்லை. பழக்கம் எவ்வளவு கெட்டி என்றுதான் பார்க்கிறது. நாமும் நம்மை அப்படித்தான் சோதித்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் தையல், ஊறுகாய், டியூஷன் எதை ஆரம்பித்தாலும் சரி, எடை குறைப்பது, நடைப்பயிற்சி என்று உடம்புக்காகத் தீர்மானம் எடுத்தாலும் சரி, இவற்றை மனசில் வையுங்கள்:

1. குறியை நம் கையில் இருப்பதாக வையுங்கள். "மாதம் 5 கிலோ இளைப்பேன்" என்பது நம் கையில் இல்லை. "தினம் அரை மணி நடப்பேன்" என்பது இருக்கிறது. "இவ்வளவு லாபம்" கையில் இல்லை. "தினம் 6 கிலோ, புளிக்காத மாவு" இருக்கிறது.

2. நல்ல நாளை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டில் விசேஷம், கரண்ட் கட், சித்திரை வெயிலில் சீக்கிரம் பொங்கிப் புளிக்கும் மாவு, எல்லாம் வரும். மோசமான வாரத்திலும் முடிகிற அளவே சரியான அளவு.

3. உடம்பும் முதல்தான். கிரைண்டர் கல்லைத் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டால், வந்த லாபம் வைத்தியத்துக்குப் போகும். தூக்கத்தை வெட்டிச் சம்பாதிக்கும் திட்டம் ரொம்ப நாள் ஓடாது.

4. தொழில் பணமும் வீட்டுப் பணமும் ஒரே டப்பாவில் வேண்டாம். ராத்திரி ஐந்து நிமிஷம் வரவு செலவு எழுதுங்கள். உங்கள் உழைப்புக்கும் ஒரு கூலி போட்டுப் பாருங்கள். லாபமா, வெறும் சுழற்சியா என்று அப்போதுதான் புரியும்.

5. மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் குறியை மாற்ற வேண்டும். தவறாமல் நடந்திருந்தால் கொஞ்சம் கூட்டுங்கள். நடக்கவில்லையா? கூசாமல் குறையுங்கள். குறைப்பது தோல்வியில்லை, விட்டுவிடுவதுதான் தோல்வி.

6. உணவுப் பண்டம் விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள். சின்ன வியாபாரம்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

அந்தப் பெண் என்ன செய்தாள் என்றுதானே கேட்கிறீர்கள்? 6 கிலோவில்தான் ஆரம்பித்தாள். இரண்டாம் மாதம் பிள்ளைக்கு உடம்பு முடியாமல் 4 நாள் ஆட்டவில்லை. வாடிக்கை வீடுகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டாள். ஒருவர் கூட விலகவில்லை. கடன் இருந்திருந்தால் அந்த 4 நாளும் அவளுக்குத் தூக்கம் வந்திருக்குமா? மூன்று மாதம் முடிந்ததும் "இனிமே எட்டு கிலோ போடலாமாக்கா?" என்று நோட்டோடு வந்தாள். நான் பதில் சொல்லவில்லை, நோட்டே சொல்லிவிட்டது.

நீங்களும் இன்றைக்கே பழைய நோட்டு ஒன்றை எடுங்கள். பெரிய ஆசையை முதல் பக்கத்தில் எழுதுங்கள், அது அங்கேயே இருக்கட்டும். அடுத்த பக்கத்தில், நாளைக்குக் காலையில் செய்யப்போகிற ஒரே ஒரு காரியத்தை எழுதுங்கள். அது முடிந்ததும் ஒரு கோடு போடுங்கள்.